தன்மேல் விழும் ஒளியிலேயே இயங்கும் பட உணரி: நீலகிரிச் சரிவுக்காக ஒன்றை வடிவமைக்கும் முழுமையான வழிகாட்டி

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைச் சரிவுகளில் வீடுகளுக்குப் பின்னால் மண்ணைத் தாங்கி நிற்கும் கருங்கல் தடுப்புச் சுவர்களில், ஐப்பசி மழை வலுத்ததும் ஏதாவது ஒரு புது விரிசல் தென்படும். 2009 நவம்பரில் நடந்த மண்சரிவுகளை நேரில் கண்டவர்கள் அப்படி ஒரு விரிசலைச் சாதாரணமாகக் கடந்து போக மாட்டார்கள். விரிசலின் குறுக்கே கறுப்பு வெள்ளைக் கோடுகள் கொண்ட ஓர் அளவுகோலைப் பசையிட்டு ஒட்டி, அந்தக் கோடுகள் ஒன்றுக்கொன்று நகர்கின்றனவா என்பதை ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்க்கும் சிறு கருவி ஒன்றை, மின்கம்பியும் பேட்டரியும் இல்லாமல் எப்படி வடிவமைப்பது என்பதே இந்த வழிகாட்டியின் பொருள். படம் எடுக்கத் தேவையான மின்சாரம் முழுவதையும், கேமராவுக்குள் ஒளியைப் படமாக மாற்றும் சிறு சிலிக்கான் துண்டான அந்தப் பட உணரிச் சில்லே தன்மேல் விழும் ஒளியிலிருந்து ஈட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த எண்ணம் நடைமுறைக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்ரீ நாயரின் குழு 2015-இல் 30-க்கு 40 பிக்சல் கொண்ட ஒரு கேமராவைச் செய்து காட்டியது. நல்ல வெளிச்சமுள்ள காட்சியாக இருந்தால், வேறு மின்சாரம் எதுவுமின்றி, வினாடிக்கு ஒரு படம் வீதம் அது எடுத்துக்கொண்டே இருக்கும். 2018-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர், ஒரே பிக்சலுக்குள் படம் எடுக்கும் டையோடின் அடியிலேயே ஆற்றல் சேகரிக்கும் சந்தியையும் (இருவகைச் சிலிக்கான் சேரும் எல்லை; ஒளி பட்டால் மின்னோட்டம் பிறக்கும் இடம்) அமைத்து, 60,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெயிலில் வினாடிக்கு 15 படம் வரை எட்டினார்கள். இவ்விரண்டும் வெளிச்சம் தாராளமாகக் கிடைக்கும் இடங்களின் கதை. நமது சுவருக்கோ, படம் மிகவும் தேவைப்படும் நாள் எதுவோ அதே நாளில்தான் வெளிச்சம் மிகக் குறைவாக இருக்கும். இந்த ஒரு முரண்பாட்டை முதலிலேயே ஒப்புக்கொண்டு தொடங்காதவர்களின் வடிவமைப்பு மேசையில் ஓடும், சரிவில் நின்றுவிடும்.

முதல் படி: வெயிலை விட்டுவிட்டு, மிக இருண்ட பகலைக் கணக்கில் எடுங்கள்

உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். மேகமூட்டமான பகல் 10,000 லக்ஸ் அளவில் இருக்கும். அடர்ந்த மூடுபனியும் மழையும் சேர்ந்து, மேலே சில்வர் ஓக் மரங்களும் கவிந்திருக்கும் இடத்தில் அது சில நூறு லக்ஸுக்கு இறங்கிவிடும். ஒரு லக்ஸ் மீட்டரை எடுத்துக்கொண்டு, கருவி வைக்கப்போகும் அதே இடத்தில், அதே திசையில், கொட்டும் மழையில் பிற்பகல் 4 மணிக்கு அளந்து பாருங்கள். குடை பிடித்துக்கொண்டு அளந்தால் குடையின் நிழலைத்தான் அளப்பீர்கள் என்பதால் நனைவதற்குத் தயாராகப் போக வேண்டும். இந்த வழிகாட்டியில் நமது இருண்ட பகல் 500 லக்ஸ் என்று வைத்துக்கொள்வோம்.

லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. சிலிக்கானுக்கு வேண்டியது வாட் கணக்கு. பகல் ஒளிக்கு 100 லக்ஸ் என்பது ஏறத்தாழ ஒரு சதுர மீட்டருக்கு 1 வாட் என்று கொண்டால் கைக்கணக்குக்குப் போதும். வெள்ளை எல்.இ.டி. விளக்கின் ஒளி இதைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றலையே தரும் என்பதால், வீட்டுக்குள் விளக்கடியில் சோதித்த எண்களை அப்படியே வெளியிடத்துக்குப் பொருத்திப் பார்க்க முடியாது.

இரண்டாம் படி: லென்ஸுக்கு முன்னால் உள்ள ஒளியும் பின்னால் உள்ள ஒளியும்

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். சுவரின்மேல் 10,000 லக்ஸ் விழுகிறது என்பதற்காக உணரியின்மேலும் 10,000 லக்ஸ் விழுவதில்லை. குவியத் தளத்தில் விழும் ஒளியை அறிய, காட்சியின்மேல் விழும் ஒளியைக் காட்சியின் எதிரொளிப்பு விகிதத்தாலும் லென்ஸின் ஊடுருவல் விகிதத்தாலும் பெருக்கி, எஃப் எண்ணின் (குவியத் தூரத்தை லென்ஸ் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது) வர்க்கத்தின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். எதிரொளிப்பு 18 விழுக்காடு, ஊடுருவல் 90 விழுக்காடு, எஃப் எண் 2 என்று வைத்தால் விடை ஏறத்தாழ நூறில் ஒன்று. அதாவது லென்ஸ் வைத்த அந்தக் கணத்திலேயே ஆற்றலில் 99 விழுக்காட்டை இழந்துவிடுகிறோம்.

இப்போது ஒரு சில்லை எடுத்துக்கொள்வோம். 128-க்கு 128 பிக்சல், ஒவ்வொன்றும் 10 மைக்ரோமீட்டர் சதுரம், அதில் 70 விழுக்காடு ஒளியை ஏற்கும் பரப்பு. மொத்த ஏற்புப் பரப்பு சுமார் 1.15 சதுர மில்லிமீட்டர். மேகமூட்டப் பகலில், லென்ஸுக்குப் பின்னால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1 மைக்ரோவாட் ஒளி கிடைக்கும். சிலிக்கான் வாட்டுக்கு 0.3 ஆம்பியர் தரும் என்றால் 0.345 மைக்ரோஆம்பியர்; இவ்வளவு மங்கிய ஒளியில் டையோடு திறனாக இயங்கும் மின்னழுத்தம் 0.3 வோல்ட் அளவிலேயே இருக்கும் என்பதால் 0.1 மைக்ரோவாட், அந்த மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் சார்ஜ் பம்ப் சுற்று பாதியைத் தின்றுவிட்டால் மிஞ்சுவது 50 நானோவாட். இதுவும் தாராளமான மதிப்பீடுதான். சில்லின் உலோகத் தடங்கள் மறைப்பதும், நாம் வேண்டாமலே சில்லில் உருவாகும் ஒட்டுண்ணிச் சந்திகள் இழுத்துக்கொள்வதும் சேர்ந்தால் உண்மையான எண் இதைவிடக் குறையும்.

ஒரு படம் எடுக்க 0.33 மைக்ரோஜூல் ஆகும் என்று பின்னால் பார்க்கப்போகிறோம். மேகமூட்டத்தில் 7 வினாடிக்கு ஒரு படம் என்றால் மோசமில்லை. ஆனால் 500 லக்ஸில் ஒளி இருபதில் ஒரு பங்காகும்போது மின்னோட்டமும் இருபதில் ஒரு பங்காகும், மின்னழுத்தமும் 0.08 வோல்ட் அளவு இறங்கும்; மிஞ்சுவது 2 நானோவாட்டுக்கும் குறைவு. சில்லின் கட்டுப்பாட்டுச் சுற்று சும்மா இருப்பதற்கே 5 நானோவாட் கேட்டால் கணக்கு அங்கேயே முடிந்தது.

பார்ப்பதற்கும் இதே நிலைதானா என்று கேட்டால், இல்லை. அதே 500 லக்ஸில் ஒரு பிக்சலுக்குள் 1 பிக்கோஆம்பியர் அளவு ஒளிமின்னோட்டம் ஓடும். 10 ஃபெம்டோஃபாரட் கொள்திறனை 0.3 வோல்ட் இறக்குவதற்கு அதற்கு 3 மில்லிவினாடி போதும். அதற்குள் சுமார் 19,000 எலக்ட்ரான்கள் சேர்ந்துவிடுவதால் படமும் தெளிவாகவே இருக்கும். பார்க்கப் போதுமான ஒளி பசியாறப் போதாது என்பதுதான் விஷயம்.

ஆகவே எனது முடிவு இது. பிக்சல்களிலேயே ஆற்றல் சேகரிப்பது அழகான தீர்வுதான். வெயில் நாளில் அது பயன்படும், செய்யுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். பிக்சல் அணியைச் சுற்றி, அதே சில்லில், லென்ஸ் குழாய்க்கு வெளியே தெளிந்த கண்ணாடியின் கீழ் வானத்தின் ஒளியை நேரடியாக வாங்கும் ஒரு டையோடு வளையத்தை அமையுங்கள். அதன் பரப்பு 4 சதுர மில்லிமீட்டர் என்றால், 500 லக்ஸில் 20 மைக்ரோவாட் ஒளி, 6 மைக்ரோஆம்பியர், 0.33 வோல்ட்டில் 2 மைக்ரோவாட், பம்புக்குப் பிறகு 1 மைக்ரோவாட். லென்ஸ் இல்லாததால் கிடைத்த நூறு மடங்கு இது. சிலிக்கான் பரப்பு கூடுவதால் செலவு கூடும் என்று முணுமுணுப்பவர்களிடம் மழைநாளின் கணக்கைக் காட்டினால் போதும்.

மூன்றாம் படி: டையோடு எந்தப் பக்கம் மின்னழுத்தம் தருகிறது என்பதை முடிவு செய்யுங்கள்

படம் எடுக்கும்போது ஒளி டையோடு எதிர்ச்சார்பில், அதாவது வெளியிலிருந்து தலைகீழாக மின்னழுத்தம் கொடுக்கப்பட்ட நிலையில், இருக்கும். வெளிச்சுற்று கொடுத்த மின்னழுத்தத்தை ஒளிமின்னோட்டம் மெல்லக் கரைக்கும். ஆற்றல் சேகரிக்கும்போது அதே மின்னோட்டம் அதே திசையில் ஓடினாலும், டையோடு தானே மின்னழுத்தத்தை உண்டாக்கி வெளியே திறன் தரும். ஒரே உறுப்புக்கு இரண்டு வேலை. விழும் ஒளியே படத்துக்கான ஆற்றலையும் தருவதற்கு ஒரு முன்னோடி ஊட்டியிலேயே உண்டு: 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் ஆலையில் உருவான 'இந்து' படச்சுருளுக்குக் காட்சியைப் பதிந்துகொள்ள மின்சாரமே வேண்டியதில்லை, வெள்ளி உப்பில் மாற்றத்தை உண்டாக்கும் ஆற்றல் முழுவதையும் விழுந்த ஒளியே கொண்டுவந்தது.

சிமாஸ் என்னும் வழக்கமான செய்முறையில் உருவாகும் சில்லில் அடித்தளம் பி-வகை (நேர்மின் துளைகள் மிகுந்த சிலிக்கான்). அது முழுச் சில்லுக்கும் பொது. அதுவே பூச்சிய வோல்ட். அதன்மேல் என்-வெல் (எலக்ட்ரான்கள் மிகுந்த சிலிக்கான் குழி) அமைத்தால் கிடைக்கும் டையோடு ஆழத்தில் உறிஞ்சப்படும் சிவப்பு ஒளியையும் பிடிப்பதால் மின்னோட்டம் நன்றாக வரும். ஆனால் சேகரிக்கும்போது என்-வெல் பூச்சியத்துக்குக் கீழே, மைனஸ் 0.3 வோல்ட்டுக்கு இறங்கும். என்-வெல்லுக்குள் பி-பிளஸ் (அடர்த்தியான பி-வகைத் திட்டு) வைத்தால் ப்ளஸ் மின்னழுத்தம் வரும்; ஆனால் சந்தி மேலோட்டமாக இருப்பதால் சிவப்பு ஒளியின் பெரும்பகுதி கீழே உள்ள சந்தியில் விழுந்து வீணாகும். அடித்தளம் பொதுவாக இருப்பதால் இந்த டையோடுகளைத் தொடராகக் கோத்து மின்னழுத்தத்தைக் கூட்டவும் முடியாது. ஒவ்வொன்றையும் தனித் தீவாகப் பிரிக்கும் மின்காப்பு அடித்தளச் செய்முறை இருந்தால் முடியும். அது விலை உயர்ந்தது. நான் பிக்சலுக்கும் வளையத்துக்கும் என்-வெல் டையோடையே தேர்ந்தெடுத்தேன். மைனஸ் மின்னழுத்தத்தைப் பம்ப் பார்த்துக்கொள்ளும் என்பது அப்போதைய துணிச்சல். அதற்கான தண்டனை அடுத்த படியில் வருகிறது.

படம் எடுத்தலும் சேகரித்தலும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டுமா, மாறி மாறி நடந்தால் போதுமா என்பதையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஐந்து நிமிடத்தில் சில வினாடிகள்தான் படம் எடுக்கிறோம் என்றால், மாறி மாறி நடத்துவதால் இழப்பது நூறில் இரண்டு பங்கைக்கூட எட்டாது. ஒரே நேரத்தில் நடத்தும் அடுக்குச் சந்தி அமைப்பு வீடியோ எடுப்பவர்களுக்கு உரியது.

நான்காம் படி: பிக்சலுக்குள் கசிவைக் கட்டுப்படுத்துங்கள்

வழக்கமான மூன்று டிரான்சிஸ்டர் பிக்சலில் உள்ள சோர்ஸ் ஃபாலோயர் (பிக்சலின் மின்னழுத்தத்தை வெளியே எடுத்துச் சொல்லும் டிரான்சிஸ்டர்), தன் தொடக்க மின்னழுத்தத்தை, அதாவது தான் இயங்கத் தொடங்குவதற்கு வேண்டிய அளவை, விழுங்கிக்கொண்டுதான் வெளியீடு தரும். பிக்சலை 0.6 வோல்ட்டில் மட்டுமே இயக்கும்போது அந்த ஆடம்பரம் கட்டுப்படியாகாது. அதனால் மின்னழுத்தத்தை அளப்பதற்குப் பதிலாக நேரத்தை அளக்கிறோம். பிக்சல் 0.6 வோல்ட்டிலிருந்து 0.3 வோல்ட்டுக்கு இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை ஒரு சிறு ஒப்பீட்டுச் சுற்று கவனித்துச் சொல்லும். வெளிச்சம் அதிகமென்றால் நேரம் குறைவு. வெளியீடு நேரடியாக டிஜிட்டலாகவே வருவதால் தனியாக அனலாக்-டிஜிட்டல் மாற்றி வேண்டியதில்லை.

திறந்த சுற்று மின்னழுத்தத்தையே படமாக வாசித்துவிடலாமே, எதையும் மீட்டமைக்க வேண்டாமே என்று சிலர் கேட்பார்கள். வாசிக்கலாம், ஆனால் அது ஒளியின் மடக்கையைப் பின்பற்றுவதால், ஒளி பத்து மடங்கு மாறினால் 60 மில்லிவோல்ட் மட்டுமே மாறும், வெப்பநிலைக்கும் ஆடும். கறுப்புக் கோட்டுக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் உள்ள எல்லையைத் துல்லியமாகக் காண வேண்டிய நமக்கு அது உதவாது.

இப்போது கசிவு. ஒவ்வொரு பிக்சலிலும் டையோடைச் சேகரிப்புத் தடத்தோடு இணைக்கும் ஓர் என்-மாஸ் டிரான்சிஸ்டர் சுவிட்ச் இருக்கிறது. படம் எடுக்கும்போது அதன் கேட்டை (திறந்து மூடும் முனையை) பூச்சிய வோல்ட்டுக்கு இறக்கினால் அது மூடிவிடும் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் சேகரிப்புத் தடம் மைனஸ் 0.3 வோல்ட்டில் நிற்கிறதே! கேட்டுக்கும் சோர்ஸுக்கும் (தாழ்ந்த மின்னழுத்தமுள்ள முனைக்கும்) இடையில் இன்னும் ப்ளஸ் 0.3 வோல்ட் இருக்கிறது. சுவிட்ச் பாதி திறந்தே கிடக்கிறது. 1 பிக்கோஆம்பியர் குறிகையை அளக்க வேண்டிய இடத்தில் அதைப் போலப் பல மடங்கு கசிவு ஓடுகிறது. எங்கள் முதல் சோதனைச் சில்லிலிருந்து வந்த படம் மூலைக்கு மூலை ஒரே சாம்பல் நிறமாக இருந்தது. சன்னலுக்கு வெளியே மூடுபனி இறங்கியிருந்ததால், கருவி சரியாகத்தான் வேலை செய்கிறது என்று ஒரு மாலை முழுவதும் நம்பிக்கொண்டிருந்தேன்.

தீர்வு எளிது, யோசித்துக் கண்டுபிடிக்கத்தான் நாளாயிற்று. படம் எடுக்கும் அந்தச் சில மில்லிவினாடிகளுக்குச் சேகரிப்புத் தடத்தைப் பம்பிலிருந்து பிரித்து, ப்ளஸ் 0.3 வோல்ட்டுக்கு ஏற்றிவிடுங்கள். அப்போது சுவிட்சின் தாழ்ந்த முனையே 0.3 வோல்ட்; கேட் பூச்சியம்; இடையில் மைனஸ் 0.3 வோல்ட் விழுவதால் சுவிட்ச் இறுக மூடிக்கொள்ளும். பிக்சல் தன் இலக்கான 0.3 வோல்ட்டை நெருங்கும்போது சுவிட்சின் இருபுறமும் ஒரே மின்னழுத்தம் நிலவுவதால், அளவீடு முடியும் அந்த முக்கியமான கணத்தில் கசிவு அறவே அற்றுப்போகும்.

செய்முறைத் தேர்விலும் இதே கவனம் வேண்டும். புதிய 65 நானோமீட்டர் (டிரான்சிஸ்டரின் நுண்மையைச் சொல்லும் எண்) செய்முறையில் டிரான்சிஸ்டர்கள் சிறியவை, வேகமானவை, ஆனால் கசிவு மிகுந்தவை. நமக்கு வேகம் தேவையில்லை. பழைய 180 நானோமீட்டரே இந்த வேலைக்கு ஏற்றது. அதிலும் தடித்த ஆக்சைடு (மின்காப்புப் படலம்) கொண்ட டிரான்சிஸ்டர்களைச் சுவிட்சுகளுக்குப் பயன்படுத்துவது நல்லது. மொஹாலியிலுள்ள செமிகண்டக்டர் லேபரட்டரியில் 180 நானோமீட்டர் சிமாஸ் வரிசை இருப்பது நம் நாட்டு மாணவர்களுக்கு ஒரு வசதி. 2020-இல் கூகுளுடன் சேர்ந்து அமெரிக்கச் சில்லு நிறுவனமான ஸ்கைவாட்டர் பொதுவில் வெளியிட்ட 130 நானோமீட்டர் வடிவமைப்புத் தொகுப்பையும், எக்ஸ்ஸ்கீம், என்ஜிஸ்பைஸ், மேஜிக் போன்ற இலவச மென்பொருள்களையும் கொண்டு, பணம் செலவழிக்கும் முன்பே சிமுலேஷனில் நெடுந்தூரம் போய்விடலாம். அந்தச் சிமுலேஷனில் சேகரிப்புத் தடத்தை இலட்சிய பூச்சிய வோல்ட்டாக வைத்துவிடாதீர்கள். நான் அப்படி வைத்ததால்தான் அந்தச் சாம்பல் படம் வந்தது.

ஐந்தாம் படி: அவசரப்படாமல் வரிசை வரிசையாக வாசியுங்கள்

ஒப்பீட்டுச் சுற்று 1 நானோஆம்பியரில், 0.6 வோல்ட்டில், அதிகபட்சம் 30 மில்லிவினாடி விழித்திருக்கிறது என்றால் 18 பிக்கோஜூல். நிரலின் (மேலிருந்து கீழாகச் செல்லும் பிக்சல் வரிசையின்) தடத்தை இயக்கி எண்ணை வெளியே கொண்டுவர இன்னும் 2 பிக்கோஜூல். பிக்சலுக்கு 20 பிக்கோஜூல் வீதம் 16,384 பிக்சலுக்கு 0.33 மைக்ரோஜூல். மேலே சொன்ன எண் இங்கிருந்து வந்ததுதான். இருட்டு கூடக் கூட விழித்திருக்கும் நேரமும் கூடுவதால், ஆற்றல் குறையும் அதே பொழுதில் செலவு கூடும். ஆகவே 30 மில்லிவினாடி என்ற வரம்பைச் சுற்றிலேயே கடினமாகப் பதித்து வையுங்கள். அதற்குள் இறங்காத பிக்சல் கறுப்பு என்று முடிவு செய்துவிடலாம்.

எல்லாப் பிக்சலையும் ஒரே நேரத்தில் எடுத்தால் ஒவ்வொன்றுக்குள்ளும் 8 பிட் நினைவகம் வேண்டியிருக்கும். அது ஒளி ஏற்கும் பரப்பைத் தின்றுவிடும். வரிசை வரிசையாக எடுத்தால் நிரலுக்கு ஒரு கவுண்டர் போதும். ஒரு வரிசைக்கு 30 மில்லிவினாடி என்றால் 128 வரிசைக்கு ஏறத்தாழ 4 வினாடி. கேமராக்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். சுவர் எங்கும் ஓடிப்போகாது. சேகரிப்புத் தடத்தையும் வரிசைக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டால், ஒரு வரிசை படம் எடுக்கும் நேரத்தில் மற்ற 127 வரிசைகளும் சேகரித்துக்கொண்டே இருக்கும்.

வெயிலில் ஒரு பிக்சல் 15 மைக்ரோவினாடியில் இறங்கிவிடும். மழையில் 3 மில்லிவினாடி ஆகும். ஒரே கடிகார வேகத்தில் 8 பிட்டுக்குள் இரண்டையும் அடக்க முடியாது. தொடக்கத்தில் வேகமாகவும் போகப்போக மெதுவாகவும் ஓடும் கடிகாரத்தைக் கொடுத்தால், பிரகாசமான இடத்தில் நுண்மையும் மங்கிய இடத்தில் நீளமும் ஒருசேரக் கிடைக்கும்.

ஆறாம் படி: பம்பும் சேமிப்பும்

0.33 வோல்ட்டை 1.8 வோல்ட்டாக உயர்த்த மூன்று அடுக்கு இரட்டிப்புச் சார்ஜ் பம்ப் போதும். இலட்சியத்தில் அது எட்டு மடங்கு தரும். பிக்சல் அணியில் 0.22 வோல்ட் மட்டுமே கிடைக்கும் மழைநாளில் எட்டு மடங்கும்கூட 1.76 வோல்ட்தான் என்பதால் அந்தக் கிளை தானாகவே நின்றுவிடும். அப்போது வளையத்திலிருந்து ஆற்றல் பின்னோக்கி அணிக்குள் பாயாதபடி இரண்டு கிளைகளையும் தனித்தனிப் பம்புகளாக வைக்க வேண்டும். டையோடை அதன் சிறந்த புள்ளியில் இயக்க, சில வினாடிகளுக்கு ஒருமுறை அதைப் பிரித்துத் திறந்த சுற்று மின்னழுத்தத்தை அளந்து, அதில் முக்கால் பங்கில் நிற்குமாறு பம்பின் வேகத்தை மாற்றினால் போதும்.

சேமிப்புக்குப் பெரிய மின்தேக்கியே பாதுகாப்பு என்று தோன்றும். 47 மைக்ரோஃபாரட் செராமிக் மின்தேக்கி 1.8 வோல்ட்டிலிருந்து 1.2 வோல்ட்டுக்கு இறங்கினால் 42 மைக்ரோஜூல் தரும் என்பது உண்மைதான். ஆனால் வெறுமையிலிருந்து அதை நிரப்ப 76 மைக்ரோஜூல் வேண்டும். 1 மைக்ரோவாட்டில் 76 வினாடி. போதாக்குறைக்கு அளவு பெரிதாகும்போது கசிவும் பெரிதாகி, நாம் ஈட்டும் மின்சாரத்தில் கணிசமான பங்கை அது குடித்துவிடும். 2.2 மைக்ரோஃபாரட் 4 வினாடிக்குள் நிரம்பும், ஆறு படத்துக்குத் தாங்கும். சிறியதையே வையுங்கள். சூப்பர் மின்தேக்கியின் கசிவு மைக்ரோஆம்பியர் கணக்கில் ஓடும் என்பதால் இந்த உணரிக்கு அது பகை.

1.8 வோல்ட்டை எட்டியதும் விழித்து, 1.2 வோல்ட்டுக்கு இறங்கியதும் தூங்கும் ஒரு கண்காணிப்புச் சுற்றே இந்தச் சில்லின் மூச்சு. இவ்விரண்டு எல்லைகளும் அருகருகே இருந்தால், விழித்தவுடன் மின்னழுத்தம் சரிந்து, உடனே தூங்கி, மீண்டும் விழித்து, ஒரு படமும் முடியாமல் நாள் போய்விடும்.

ஏழாம் படி: குளிரைத் தனியாகச் சோதியுங்கள்

குளிர் நமக்குப் பாதி நண்பன். இருள் மின்னோட்டம் 6 முதல் 8 டிகிரிக்கு ஒருமுறை பாதியாகும் என்பதால் 5 டிகிரியில் படம் அறை வெப்பநிலையில் இருப்பதைவிடத் தூய்மையாக இருக்கும். டையோடின் மின்னழுத்தமும் டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் கூடும். மறுபாதி பகை. டிரான்சிஸ்டர்களின் தொடக்க மின்னழுத்தமும் குளிரில் ஏறுவதால், அதற்குக் கீழே இயங்கும் பம்பைத் துடிக்கவைக்கும் ஆசிலேட்டர் சுற்று தள்ளாடத் தொடங்கும். மார்கழி, தை மாதங்களில் ஊட்டிப் பள்ளத்தாக்குகளில் உறைபனி விழுந்த விடியலில், இரவெல்லாம் காலியாகிப்போன சில்லு முதன்முதலாக எழுந்திருக்க வேண்டிய அந்த நேரமே எல்லாவற்றிலும் கடினமானது: சேமிப்பு பூச்சியம், ஒளி மங்கல், ஆசிலேட்டர் மந்தம். சில்லை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மங்கிய விளக்கைப் படிப்படியாகக் கூட்டி, எந்த ஒளியில் தானாக எழுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எழவில்லை என்றால் பம்பைப் பெரிதாக்குவதைவிட, குறைந்த தொடக்க மின்னழுத்தம் கொண்ட டிரான்சிஸ்டர்களை அந்த ஓர் ஆசிலேட்டரில் மட்டும் பயன்படுத்துவது சிறந்தது.

எட்டாம் படி: செய்தி அனுப்பும் செலவை மறைக்காதீர்கள்

இதுவரை சேர்த்துவைத்த பெருமையை எல்லாம் ரேடியோ ஒரே நொடியில் இறக்கிவிடும். நம் நாட்டில் உரிமம் வேண்டாத 865 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு லோரா (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் எட்டும் ரேடியோ முறை) செய்தி, 130 மில்லிவாட்டில் 0.4 வினாடி ஓடினால் 52 மில்லிஜூல். நமது வளையம் 500 லக்ஸில் 12 மணி நேரம் இடைவிடாமல் ஈட்டினாலும் 43 மில்லிஜூல்தான். ஒரு நாள் உழைப்பு ஒரு செய்திக்குக்கூடக் காணாது. ஆகவே ரேடியோவுக்குத் தனி சூரியத் தகடும் தனிச் சேமிப்பும் கொடுத்துவிட்டு, உணரி அதை எழுப்பும் ஒரேயொரு கம்பியை மட்டும் நீட்டினால் போதும். உணரி படத்தை அனுப்புவதில்லை. முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, கோடுகள் எத்தனை பங்கு பிக்சல் நகர்ந்தன என்ற எண்ணை மட்டும் வைத்திருக்கும். 128 பிக்சல் 256 மில்லிமீட்டர் அகலத்தைப் பார்த்தால் பிக்சலுக்கு 2 மில்லிமீட்டர். பல கோடுகளின் சராசரியால் அதில் ஐந்தில் ஒரு பங்கு வரை, அதாவது 0.4 மில்லிமீட்டர் வரை பிரித்தறியலாம். இதை ஆள் போய் அளப்பதற்கு ஒரு துணையாக மட்டும் கொள்ள வேண்டும். வீட்டை விட்டு வெளியேறுவதா என்பதை இதை நம்பி முடிவு செய்யக் கூடாது.

ஒன்பதாம் படி: அளக்கும் கருவியே திருடன் ஆகாமல் அளவிடுங்கள்

10 மெகாஓம் உள்தடை கொண்ட சாதாரண மல்டிமீட்டரை 0.3 வோல்ட்டில் வைத்தாலே 30 நானோஆம்பியரை அது குடிக்கும். பிக்சல் அணி மேகமூட்டத்தில் தருவதே 345 நானோஆம்பியர். மழையில் அது 17-க்கு இறங்கிவிடும். மீட்டரை வைத்தபடியே திறனை அளந்துவிட்டு, சில்லு சரியில்லை என்று திரும்ப அனுப்பக் கூடாது. நம்பத்தக்க வழி, கசிவு குறைந்த 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் மின்தேக்கியை வெறுமையிலிருந்து நிரப்பவிட்டு, ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு ஒரே ஒருமுறை தொட்டு அளப்பது. பலமுறை திரும்பச் செய்து வரைபடம் போட்டால் சராசரித் திறன் கிடைத்துவிடும்.

குன்னூர்க் காற்றின் ஈரமும் ஒரு கசிவுப் பாதையே. பற்றவைத்தபின் பலகையில் எஞ்சிய ஃபிளக்ஸ் (பற்றவைப்புக்கு உதவும் பிசின்) கோவையின் உலர்ந்த ஆய்வகத்தில் தொல்லை தராமல் இருக்கலாம். இங்கே ஒரு மூடுபனி மாலையில் அதுவே நானோஆம்பியர்களைக் கடத்தும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் தேய்த்துக் கழுவி, சிறு உலர்ப்பானில் காயவைத்து, நுண்மின்னோட்டத் தடங்களைச் சுற்றி அதே மின்னழுத்தத்தில் நிற்கும் காப்பு வளையத்தை வரைந்து, அதன்மேல் பூச்சு அடித்தபின்தான் அளவீடுகள் ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் ஒத்துவரத் தொடங்கின.

பத்தாம் படி: சுவரில் பொருத்துதல்

உணரியின் கண் சுவரைப் பார்க்க வேண்டும், வளையம் வானத்தைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே சில்லில் இருப்பதால் சில்லைக் கிடைமட்டமாக வானம் நோக்கி வைத்து, லென்ஸுக்கு மேலே 45 டிகிரி சாய்ந்த ஒரு சிறு எதிரொளிப்புக் கண்ணாடியால் சுவரின் காட்சியைக் கீழே திருப்புகிறோம். அந்தக் கண்ணாடி வளையத்தின் வானத்தை எவ்வளவு மறைக்கிறது என்பதை முதல் படியில் சொன்ன அதே லக்ஸ் மீட்டரால் சரிபாருங்கள். மேல்மூடிக் கண்ணாடியைச் சற்றே சாய்வாக வைத்தால் மழைநீர் தேங்காமல் வழியும். சாய்வு வடக்கு நோக்கி இருந்தால் பாசி சீக்கிரம் படியும். தென்கிழக்கு நோக்கி இருந்தால் காலை வெயில் பனித்துளியைக் காயவைக்கும். அப்படியிருந்தும் ஆடி மாதத்தில் மூன்று வாரத்துக்கு ஒருமுறையாவது ஒரு பருத்தித் துணியால் துடைக்க ஆள் போக வேண்டியிருக்கிறது. துடைக்கப் போகிறவர் கருவியின் வானத்தை மறைத்து நிற்கும் அந்த இரண்டு நிமிடங்களில் மின்தேக்கி இறங்கி, சில்லு தூங்கிப்போய் மறுபடி விழிக்கும். அந்த விழிப்பையும் பதிவேட்டில் ஓர் எண்ணாகச் சேர்த்து வைத்தால், கண்ணாடி கடைசியாக என்றைக்குத் துடைக்கப்பட்டது என்பதும் தானாகவே தெரிந்துவிடும்.